தடைக்காலத்தில் வந்த தேர்தல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல்களுக்குப் பிறகு இந்திய இலங்கை உறவு எப்படி மாறியிருக்கிறது என்று தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2024ஆம் ஆண்டில் இங்கே ஒரு பொதுத் தேர்தலும் அங்கே அதிபர் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் நடந்து முடிந்தபின், தில்லிக்கும் கொழும்புக்கும் நடுவே நல்ல காலம் பிறந்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். துறைமுகம், மின்சாரம், கடன், பாதுகாப்பு எல்லாம் விரிவாக இருந்தன. எங்கள் கரை மீனவர்களைப் பற்றிக் கடைசிப் பத்தியில் இரண்டு வரி இருந்தது. என் தங்கை பட்ட பாடு அந்த இரண்டு வரிக்குள் அடங்காது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருக்கும். இடம் இல்லையென்றால் முழுவதையும் விட்டுவிடுங்கள்; பாதியை மட்டும் போட வேண்டாம்.

நான் தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். பிறந்தது தனுஷ்கோடியில், 1962இல். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தபோது எனக்கு இரண்டு வயது. அப்பா கடல் தொழிலாளி. அண்ணனும் கடலுக்குப் போனார். நான் மட்டும் பள்ளிக்கூடம் முடித்து, 1984இல் தபால்காரனாகச் சேர்ந்து, 2022இல் ஓய்வு பெற்றேன். 38 ஆண்டுகள் இந்தத் தீவின் தெருக்களில் சைக்கிள் மிதித்தேன். இலங்கைத் தபால்தலை ஒட்டிய கடிதங்களை அந்தப் பையில் சுமந்திருக்கிறேன். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் சிறைக் கடிதங்கள் அதே பையில் வந்தன. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் புதிய வாக்காளர் அட்டைகள் தபாலில் வரும். ஒரே வீட்டுக்கு, ஒரே நாளில், மகனுடைய வாக்காளர் அட்டையையும் தகப்பன் அங்கேயிருந்து எழுதிய கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். வாங்கிய பெண் எதை முதலில் பிரித்தாள் என்று சொல்லத் தேவையில்லை.

வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். நாடாளுமன்றத் தேர்தல் எங்கள் கரைக்குத் தடைக்காலத்தில்தான் வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் சினைப்படும் காலம் அது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் கூட்டினார்கள். எங்கள் பகுதியில் 2014இல் ஏப்ரல் 24, 2019இல் ஏப்ரல் 18, 2024இல் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு நாள். மூன்று முறையும் படகு கரையில் கட்டிக் கிடந்தது. சிலர் படகை மேட்டில் ஏற்றி, பலகைச் சந்துகளில் பஞ்சு அடைத்து, வண்ணம் பூசிக்கொண்டிருப்பார்கள். வலை பொத்துபவர்கள் நிழல் தேடி உட்கார்ந்திருப்பார்கள். எல்லா ஆண்களும் ஊரில் இருக்கும் நேரம். கையில் காசு இல்லாத நேரமும் அதுதான். ஓட்டுக் கேட்டு வருபவருக்கு இதைவிட வசதியான நாள் கிடையாது. கேட்பதற்கு ஆள் இருக்கிறது. கடலில் என்ன நடக்கிறது என்று அன்றைக்கு யாரும் பார்க்க முடியாது.

2024இன் தடைக்காலத்தில் எங்கள் வீட்டு ஆண்களில் ஒருவன் ஊரில் இல்லை. என் தங்கை மகன், எனக்கு மருமகன், ஒரு விசைப்படகில் ஓட்டுநர். பிப்ரவரித் தொடக்கத்தில் கடல் எல்லைக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டான். கூடப் போன கூலியாட்களைச் சில நாட்களில் விட்டுவிட்டார்கள். ஓட்டுநர் என்பதால் இவனுக்கு ஆறு மாதம் தண்டனை. இப்படிப் படகோட்டிகளைத் தனியாகப் பிரித்துச் சிறைக்கு அனுப்புவது அந்த மாதம்தான் தீவிரமானது. அதைக் கண்டித்துத்தான் இராமேஸ்வரம் மீனவர்கள் அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையே புறக்கணித்தார்கள். போருக்குப் பிறகு திருவிழாவுக்குப் போய்வருவது எங்கள் ஊருக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த முடிவின் கனம் புரியும். அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருந்த பெண்கள் அதை ஊர்க் கோயிலிலேயே ஏற்றினார்கள்.

அது பிப்ரவரி. மார்ச் 31 அன்று பிரதமரே கச்சத்தீவைப் பற்றிப் பேசினார். அந்தத் தீவு அக்கறையில்லாமல் தாரை வார்க்கப்பட்டது என்றார். மறுநாளிலிருந்து மூன்று வாரம் தமிழ்நாடு முழுவதும் அதே பேச்சு. யார் கொடுத்தார், யார் சம்மதித்தார், யார் கடிதம் எழுதினார், யார் எழுதவில்லை. எங்கள் தொகுதியை நாடே பார்த்தது. முன்னாள் முதல்வர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். அவர் பெயரிலேயே வேறு சிலரும் நின்றார்கள். தொலைக்காட்சி வண்டிகள் பாம்பன் பாலத்தில் நின்று கடலைப் படம் பிடித்தன. எங்கள் தெருவுக்கு வந்த வேட்பாளர் ஒருவரிடம் (எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன், மற்றவர்கள் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்) என் தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஐயா, பிடித்து வைத்திருக்கிற படகு எப்போது திரும்பி வரும்?” அவர் கச்சத்தீவை மீட்போம் என்றார். அவள் மறுபடியும் படகைக் கேட்டாள். அவர் மறுபடியும் தீவைச் சொன்னார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 19 அன்று தங்கையோடு நானும் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றேன். பட்டியலில் அவள் பெயருக்கு அடுத்து மகன் பெயர். அலுவலர் அவள் பெயரைப் படித்து முடித்ததும் அடுத்த வரியையும் ஒருகணம் பார்த்தார். நான் 38 ஆண்டுகள் தபால்துறையில் இருந்தவன். ராணுவத்தில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் வாக்கு தபாலில் வந்து போவதைக் கண்ணால் கண்டவன். பக்கத்து நாட்டுச் சிறையில் இருக்கும் மீனவனுக்கு அப்படி ஓர் உறை கிடையாது. எந்த உறவைச் சீராக்குவதாக எல்லோரும் வாக்குக் கேட்டார்களோ, அந்த உறவின் சுமையைத் தலையில் சுமந்துகொண்டிருந்தவனுக்கு அன்று வாக்கு இல்லை.

ஜூன் 9 அன்று புதிய அரசு பதவியேற்றது. இலங்கை அதிபராக இருந்த ரணில் விக்கிரமசிங்கவும் விழாவுக்கு வந்திருந்தார். ஜூன் 15 விடியற்காலை எங்கள் படகுகள் கடலில் இறங்கின. அந்த மாதம் முடிவதற்குள் மறுபடியும் கைது. ஆகஸ்ட் முதல் தேதி யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படைக் கலம் மோதியதில் இராமேஸ்வரம் படகு ஒன்று மூழ்கி, ஒருவர் உயிரிழந்தார். அந்த மாதத்தில்தான் என் மருமகன் திரும்பி வந்தான். எடை குறைந்திருந்தான். அதைவிட, பேச்சு குறைந்திருந்தது. படகு திரும்பவில்லை.

ஆசிரியர் அவர்களே, இதையெல்லாம் படித்துவிட்டு, தேர்தலே வேண்டாம் என்று சொல்கிறானோ என்று யாரும் நினைக்கக் கூடாது. கச்சத்தீவு மேடைகளில் ஒருவரும் சொல்லாத ஒரு பழைய கணக்கு என்னிடம் இருக்கிறது.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தத்தில் கடல் எல்லை வரையப்பட்டது. 285 ஏக்கர் கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. அப்போது எனக்கு 12 வயது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்புபோலவே தீவுக்கு வந்து போகலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்றது. ஆறாவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் ஒன்றின் கடலில் மற்றொன்று வழக்கமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்றது. அப்பா அதன் பிறகும் போய்வந்தார். தீவில் வலை காயப் போட்டு, திருவிழாவில் சிலோன் சோப்பும் தேங்காய் எண்ணெயும் வாங்கிவந்தார். ஒப்பந்தம் ஆன விவரமே ஊரில் பாதிப் பேருக்கு உறைக்கவில்லை.

கையைக் கட்டியது அடுத்த தாள். 1976 மார்ச் 23. மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வரைந்த ஒப்பந்தம். அதோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதத்தில், ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மற்ற நாட்டுக் கடலில் அனுமதியில்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். ஆமாம், ஒரு கடிதம்! தபால்காரனான எனக்கு இது எப்போதும் மனத்தில் உறுத்தும். அந்தத் தேதியைக் கவனியுங்கள். இங்கே நெருக்கடி நிலை. 1971 மார்ச்சில் அமைந்த மக்களவையின் ஐந்து ஆண்டு முடிந்து, சட்டம் போட்டு நீட்டிய ஆயுளின் தொடக்க நாட்களில் கையெழுத்தாகியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டுவிட்டது. இராமநாதபுரத்துக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்று பேச ஒருவரும் இல்லை. அந்தப் பக்கமும் இதே கதைதான். 1970 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்களுடைய அரசு, 1972இல் புதிய அரசியலமைப்பு எழுதி, தன் காலத்தை 1977வரை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கரையிலும் மக்களிடம் போக வேண்டிய தேர்தல் தள்ளிப்போயிருந்த நேரத்தில் எங்கள் கடல் பூட்டப்பட்டது. அதனால் தேர்தலை நான் பழிக்க மாட்டேன். தேர்தல் இருந்தால் குறைந்தது தெருவுக்கு ஒருவர் வருவார். என் தங்கை அவரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பாள். 1976இல் அதுவும் இல்லை.

மேடையில் 1974ஐயே பேசுகிறார்கள். 1976ஐ யாரும் தொடுவதில்லை. தீவு என்றால் கண்ணுக்குத் தெரிகிறது, கொடி நடலாம். கடிதத்தில் கொடி நட முடியாது.

தேர்தலால் எங்கள் கரையில் உயிர் பிழைத்ததும் உண்டு. 2011இல் பிடிபட்ட எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேருக்கு, போதைப்பொருள் கடத்தியதாக 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. தீவில் பஸ்ஸும் ரயிலும் நின்றன. தபால் வராமல் பை காலியாகத் தொங்கியது. ஆனாலும் அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் ஒரு கடிதம் வருமோ என்று வாசலில் நின்றார்கள்; நான் கையை விரித்துக்கொண்டு கடந்து போனேன். மூன்று வாரத்துக்குள் அதிபர் ராஜபக்ச அவர்களுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார். ஐந்து பேரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். கோயில் மணி அடித்தது. நானும் அழுதேன். அதே வாரத்தில் அங்கே அதிபர் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு மே மாதமும் அப்படித்தான். தில்லியில் புதிய பிரதமர் பதவியேற்பதற்கு முன்னாள், தங்கள் சிறைகளில் இருந்த இந்திய மீனவர் அனைவரையும் விடுவிக்கச் சொல்லி அதே அதிபர் உத்தரவிட்டார்.

விடுதலை யார் கொடுத்தாலும் கைகூப்பி வாங்கிக்கொள்வோம். ஆனால் ஆளை விடுவதும் பிடிப்பதும் இரண்டு தலைநகரங்களின் விழா நாட்களைப் பார்த்து நடந்தால், கடலுக்குப் போகிறவன் எதை நம்பிப் போவான்? தலைவர் ஒருவர் விமானம் ஏறும் முன்னால் பத்துப் பேர் வருவார்கள். அவர் இறங்கி வீடு போன பிறகு பதினைந்து பேர் போவார்கள். 2014க்குப் பிறகு இன்னொன்றும் பழகிவிட்டது: ஆளை விடுவார்கள், படகை விட மாட்டார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்த வங்கிக் கடிதங்களில் பாதி அப்படிப் பறிபோன படகுகளின் மேல் வாங்கிய கடனுக்கானவை. படகு வராது, தவணைக் கடிதம் வரும். மாநில அரசு நிவாரணம் தருகிறது, அதை மறக்கவில்லை. கடன் அதைவிடப் பெரியது.

நடுவில் ஒரு நினைவு. 1990இல் என்னை மண்டபத்துக்கு இரண்டு ஆண்டு மாற்றினார்கள். அப்போது அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அதுவும் தேர்தல்களின் தொடர்ச்சிதான். 1988 டிசம்பரில் அங்கே பிரேமதாச வென்றார்; இந்திய அமைதிப்படை இலங்கையை விட்டு வெளியேற வேண்டும் என்பது அவர் நிலை. 1989 டிசம்பரில் இங்கே வி.பி. சிங் வந்தார். 1990 மார்ச்சில் கடைசிப் படைவீரரும் திரும்பிவிட்டார். ஜூனில் மறுபடி போர். மக்கள் படகு படகாக வந்து இறங்கினார்கள். முகாமில் மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து வந்த ஓர் ஆச்சி இருந்தார். அவருக்குக் கடிதமே வராது. இருந்தாலும் என் சைக்கிளைக் கண்டதும் எழுந்து வந்து, “தம்பி, இன்றைக்காவது?” என்று கேட்பார். 1991 மே 21 அன்று, தேர்தல் பிரசாரத்துக்கு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். எங்கள் வாக்குப்பதிவு ஜூனுக்குத் தள்ளிப்போனது. அன்றோடு முகாமைப் பார்க்கும் கண்களே மாறிவிட்டன. முந்தைய வாரம்வரை அரிசியும் சேலையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் வாசலைக் கடக்கும்போது வேகமாக நடந்தார்கள். ஆச்சி எழுந்து வருவதை நிறுத்திக்கொண்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன். 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் கப்பல்கள் தொடங்கின. அவர் எதில் போனார் என்று எனக்குத் தெரியாது. ஒரு தேர்தல் நேரத்தில் நடந்த கொடுமை, அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு கிழவியின் முகத்தில் எப்படி இறங்கியது என்பதை நான் பார்த்தேன்.

இனி எழுதப்போவது எங்கள் ஊரில் பலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அறுபதைக் கடந்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

2023 மார்ச் மாதத் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போயிருந்தேன். இரவு நற்கருணைப் பவனி முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தபோது, நெடுந்தீவுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். என் வயதிருக்கும். என்னை அண்ணை என்று அழைத்தார். வெற்றிலை கொடுத்தார். நான் எந்த ஊர் என்று கேட்டவர், தங்கச்சிமடம் என்றதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கோபமில்லாமல் சொன்னார். திங்கள், புதன், சனி மூன்று நாளும் அவர்கள் வலை விடுவதில்லை. ஏனென்றால் அவை எங்கள் விசைப்படகுகள் கடலுக்கு வரும் நாட்கள். ஒருமுறை மறந்து வலை விட்டதில், காலையில் மிதவையும் ஒரு முழம் கயிறும்தான் மிஞ்சின. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய வலை அது. போரில் கால் நூற்றாண்டு கடலே பூட்டிக் கிடந்தது, 2009க்குப் பிறகு கதவு திறந்தது, திறந்து பார்த்தால் வீட்டுக்குள்ளே நீங்கள் இருக்கிறீர்கள் என்றார். என்னிடம் பதில் இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டிருந்தேன்.

திங்கள், புதன், சனி. எங்கள் ஊரில் அந்த நாட்களை டோக்கன் நாள் என்போம். நாட்டுப்படகுக்காரர்களோடு சண்டை வராமல் இருக்க நாங்கள் பிரித்துக்கொண்ட கிழமைகள். அந்தப் பிரிவு கடலுக்கு அக்கரையிலும் ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தீர்மானிக்கிறது என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

எங்கள் ஓட்டுநர்கள் பொல்லாதவர்கள் அல்ல. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அது. அந்த மூன்றைத் தாண்டினால், எல்லைக்கோடு வரும்வரை மிஞ்சுவது ஒரு முடுக்குச் சந்து. அதற்குள் நூற்றுக்கணக்கான படகுகள் நாளெல்லாம் மடி என்னும் இழுவை வலையை இழுத்தால் என்ன இருக்கும்? இழுவை மடி கடல் தரையை வழித்துக்கொண்டு வருகிறது. இறாலோடு குஞ்சும் குருமானும் வருகின்றன. மாவு ஆலைக்குப் போகும் சங்காயம் பெட்டி பெட்டியாக வந்து இறங்குவதை நம் துறைமுகத்தில் யாரும் பார்க்கலாம். அப்பா காலத்தில் அது கிடையாது. விசைப்படகு வாங்கு, டாலர் வரும் என்று எங்களைத் தள்ளியதும் அரசுகள்தான். படகு முதலாளிகளான சம்மாட்டிகள் தாமாக அங்கே போகவில்லை. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது; 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. அதே 2017இல் இங்கேயும் ஒரு நல்ல திட்டம் வந்தது: மூன்று ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. அந்த இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. எட்டு லட்சம் ரொக்கமாக யாரிடம் இருக்கிறது? மாலை போய்க் காலை திரும்பிப் பழகியவனை, மாதக்கணக்கில் தூண்டிலோடு சூரைமீனைத் தேடிப் போ என்றால், யாராவது அவனோடு இரண்டு ஆண்டு இருந்து பழக்க வேண்டாமா? 2019இலும் 2024இலும் ஓட்டுக் கேட்டு வந்த எவர் வாயிலும் அந்த 2,000 என்ற எண்ணை நான் கேட்கவில்லை.

அக்கரையிலும் மக்கள் வாக்களிக்கிறார்கள் என்பதை நம் மேடைகள் மறந்துவிடுகின்றன. 2024 செப்டம்பர் 21 தேர்தலில் வென்று அநுர குமார திசாநாயக்க அதிபரானார். நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணி 225 இடங்களில் 159ஐப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று அவர்களுக்கு. தெற்கத்திக் கட்சி ஒன்று அங்கே இப்படி வெல்லும் என்று எங்கள் ஊரில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. வடக்குக் கடற்கரையின் வாக்கும் அதில் இருக்கிறது. அந்தத் தேர்தலுக்குப் பிறகு கடற்றொழில் அமைச்சரானவரும் தமிழர். அதிபர் மாறுவதற்கு முன்பு இருந்தவரும் தமிழர். எங்கள் இழுவை மடியை அனுமதிக்க முடியாது என்று இருவரும் சொன்னார்கள். அவர்களும் ஊருக்குப் போய் ஓட்டுக் கேட்க வேண்டும்; நெடுந்தீவுக்காரர் வாசலில் நிறுத்தி வலையைக் காட்டுவார். இங்கே தமிழன் ஓட்டுக்காகத் தீவைக் கேட்டு முழங்கினால், அங்கே தமிழன் ஓட்டுக்காகக் கைது கூடுகிறது. 2025 ஆகஸ்டில் மதுரை மாநாடு ஒன்றில் கச்சத்தீவு மீட்பு பேசப்பட்டது. செப்டம்பர் முதல் தேதி அநுர குமார திசாநாயக்க கச்சத்தீவில் நேரில் போய் இறங்கினார். அதற்கு முன் எந்த இலங்கை அதிபரும் அங்கே போனதில்லை. குடிக்கத் தண்ணீர்கூட இல்லாத அந்தத் திட்டில் அவருக்கு வேறு என்ன வேலை இருந்திருக்கும்?

பெரியவர்கள் சந்திப்பு நடக்கட்டும். 2024 டிசம்பரில் அவர் தில்லி வந்ததும், 2025 ஏப்ரலில் பிரதமர் இலங்கை போய்விட்டு அங்கிருந்து நேராக வந்து புதிய பாம்பன் பாலத்தைத் திறந்ததும் நல்லவையே. பாலம் திறந்த அன்று நானும் பேரனைத் தோளில் தூக்கிக் காட்டினேன். மீனவர் விஷயத்தை மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்று இரு தலைவர்களும் சொன்னதைச் செய்தியில் கேட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்து, கடலை உண்மையில் தெரிந்தவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியது மிகச் சில முறை. 2014 ஜனவரியில் சென்னையில் பேசினார்கள். மே மாதம் கொழும்பில், நம் வாக்கு எண்ணும் வாரத்தை ஒட்டிப் பேசினார்கள். 2015 மார்ச்சில் சென்னையில் மறுபடி. 2016 நவம்பரில் தில்லியில். ஆட்சி மாறினாலோ அமைச்சர் மாறினாலோ நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போன நாள் மறந்துபோகும். தடைக்காலத்துக்கு மட்டும் ஆட்சி எதுவாக இருந்தாலும் ஏப்ரல் 15 என்று தேதி இருக்கிறது. மீனவர்கள் பேசுவதற்கும் அதுபோல ஒரு தேதியை எழுதி வைத்தால் என்ன? எங்கள் படகு கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில், ஒரு வாரம். ஓர் ஆண்டு இராமேஸ்வரத்தில், ஓர் ஆண்டு யாழ்ப்பாணத்தில். தில்லியில் யார், கொழும்பில் யார் என்று பார்க்காமல். அந்தக் கூட்டத்தில் எங்கள் சம்மாட்டிகளோடு கூலியாட்களும், பாசி எடுக்கும் பெண்களும், அந்த நெடுந்தீவுக்காரரைப் போன்றவர்களும் உட்கார வேண்டும். இழுவை மடியை இத்தனை ஆண்டில் விட்டுவிடுகிறோம் என்று நாங்கள் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். அதுவரை ஆளைச் சிறையில் போடுவதில்லை, படகைப் பறிப்பதில்லை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 1976இல் கடிதம் மாற்றிக்கொண்டு பூட்டினார்கள். திறக்கவும் ஒரு கடிதம் போதும். அதை எழுதும்போது எங்களில் யாராவது அறைக்குள் இருந்தால் போதும்.

என் மருமகன் இப்போது வேறொரு சம்மாட்டியின் படகில் கூலிக்குப் போகிறான். ஓட்டுநராகப் போவதில்லை, இரண்டாவது முறை பிடிபட்டால் தண்டனை கூடும் என்ற பயம். படகு போன சம்மாட்டி மகளின் திருமணத்தைத் தள்ளி வைத்திருக்கிறார். வாடைக்காற்று தொடங்கிவிட்டது. இனியும் சட்டமன்றத் தேர்தல் வரும். மக்களவைத் தேர்தலும் வரும். எங்கள் தெருவுக்கு மறுபடியும் வண்டிகள் வரும். தங்கள் செய்தியாளர்கள் அந்த வேட்பாளர்களோடு கட்டாயம் வருவார்கள். அவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். எந்தக் கட்சி வேட்பாளராக இருந்தாலும், என் தங்கையின் கேள்வியை அவரிடம் அப்படியே கேட்டு, சொன்ன பதிலை அவர் பெயரோடு வெளியிடுங்கள். பிடித்து வைத்திருக்கிற படகு எப்போது திரும்பி வரும்? வராது என்றால், அதை இப்போதே எங்களிடம் சொல்லிவிடுவார்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.